எட்டரை மணி நேரம் ஏன்? ஒரு ரேடியோ தொலைநோக்கி விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பகுதி

சேலத்தில் உள்ள ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்து புனே பக்கம் உள்ள ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில் நேரம் கேட்டு ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது. ஒரே ஒரு சிறிய கேலக்ஸி, இரண்டு அமர்வு, கேலக்ஸியை நோக்கிய நேரம் மட்டும் எட்டரை மணி. ஏற்கெனவே தெரிந்த மூலங்களைப் பார்த்துக் கருவியைச் சரிசெய்யும் கலிபரேஷனையும் சேர்த்தால் 11 மணி நேரம். முதல் வரைவில் இதே இடத்தில் 20 மணி நேரம் என்று இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் "மங்கலான வாயுவைக் காண நீண்ட நேரம் தேவை" என்ற ஒற்றை வரி. அந்த 20 எப்படி எட்டரை ஆனது, நடுவில் கேலக்ஸியே எப்படி மாறிப்போனது என்பதை இங்கே எழுதுகிறேன். எழுதியவர்கள் என் மாணவர்கள்: ஒரு ஆராய்ச்சி மாணவி, இரண்டு முதுகலை மாணவர்கள். நான் கூடவே இருந்து கேள்வி கேட்டவள்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் தொழில்நுட்பப் பகுதியைக் கடைசி நாள் இரவில் எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அறிவியல் பகுதிக்கு வாரக்கணக்கில் உழைப்பார்கள். பட்டை அகலம் (எவ்வளவு அதிர்வெண் வீச்சைப் பதிவு செய்வது), சேனல் (அதை எத்தனை துண்டாகப் பிரிப்பது), நேரம் எல்லாம் யாரோ ஒரு சீனியரின் பழைய விண்ணப்பத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இந்தத் தொலைநோக்கியால் நம் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா என்பது தெரியவருவதே அந்தப் பகுதியில்தான். அதை முதலில் எழுதினால் கேள்வியே திருந்தும். இந்த மாணவர்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது.

கேலக்ஸியின் பெயரைச் சொல்லவில்லை. அது அவர்கள் வேலை, அவர்களே முடித்துச் சொல்லட்டும். அதன் எண்களையும் கொஞ்சம் தோராயமாக்கித்தான் தருகிறேன்.

எந்தத் தொலைநோக்கி, ஏன்

கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவான ஜிஎம்ஆர்டி, புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கோடத் கிராமத்தில் இருக்கிறது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். அவற்றில் 14 டிஷ்கள் நடுவில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நெருக்கமாக நிற்கின்றன. மீதி 16, ஆங்கில ஒய் எழுத்துப் போல மூன்று கரங்களில் பரவியிருக்கின்றன. இரண்டு டிஷ்களுக்கு நடுவே உள்ள மிக நீண்ட இடைத்தூரம் சுமார் 25 கிலோமீட்டர். ஆண்டுக்கு இரண்டு சுற்று விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஜூலையில் அனுப்பினால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சுற்று, ஜனவரியில் அனுப்பினால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சுற்று. கேட்கப்படும் நேரம் எப்போதும் இருக்கும் நேரத்தைவிட அதிகம். அதனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

சேலத்து மாணவர்கள் எல்லோருமே முதலில் கேட்பது, "ஊட்டி பக்கத்துலயே இருக்குதுங்களே மேடம், அங்க ஏன் கேக்கக்கூடாது?" நியாயமான கேள்விதான். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்தியிருப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஏற்காட்டின் அட்சரேகையும் ஏறக்குறைய அதேதான் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். நடுநிலை ஹைட்ரஜன் உமிழ்வது 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில். அந்த அலை 326.5-க்கு இறங்கி வர வேண்டுமென்றால் மூலம் சிவப்புநகர்வு 3.35-இல், அதாவது அண்டம் விரிவதால் அலை 4.35 மடங்கு நீளும் அளவு தொலைவில், இருக்க வேண்டும். நம் அக்கம்பக்கத்துக் கேலக்ஸிக்கு அது ஆகாது. இந்த வாதம் விண்ணப்பத்தில் இரண்டே வரி. ஆனாலும் "ஏன் இந்தத் தொலைநோக்கி" என்ற கேள்விக்கு "இந்தியாவில் இருப்பதால்" என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜிஎம்ஆர்டிக்குச் சாதகமான உண்மையான காரணம் டிஷ்கள் நிற்கும் விதம். நடுச் சதுரம் மட்டும் பார்த்தால் 21 செ.மீ. அலையில் பிரிதிறன், அதாவது பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம், சுமார் 43 விகலை (ஒரு டிகிரிக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). கரங்களையும் முழுக்கச் சேர்த்தால் 2 விகலை வரை இறங்கலாம். ஒரே தடவை பார்த்த தரவிலிருந்து பரந்த மங்கல் வாயுவையும் எடுக்கலாம், நுணுக்கத்தையும் எடுக்கலாம். அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியில் இதற்கு டிஷ்களை இடம் மாற்றி வைத்து வேறு வேறு மாதங்களில் பார்க்க வேண்டியிருக்கும்.

கேலக்ஸி மாறிய கதை

மாணவர்களின் கேள்வி இது: ஒரு சிறிய கேலக்ஸியின் வெளிவிளிம்பில் உள்ள ஹைட்ரஜன் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறதா? பக்கத்தில் ஒரு பெரிய கேலக்ஸி இருக்கிறது, அதன் ஈர்ப்புதான் காரணமா?

முதலில் அவர்கள் பிடித்தது நமக்கு மிக அருகில் உள்ள ஒன்று. வாயுத் தட்டு வானத்தில் 20 கலை அகலம். பெரிதாக, பிரகாசமாக இருப்பதால் வேலை சுலபம் என்று நினைத்திருந்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: இந்தத் தொலைநோக்கி பார்க்கக்கூடிய மிகப் பெரிய வடிவம் எவ்வளவு?

பல டிஷ்களைச் சேர்த்து ஒரே தொலைநோக்கியாக்கும் இப்படிப்பட்ட இன்டர்ஃபெரோமீட்டரில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது நீண்ட இடைத்தூரத்தை. பிரிதிறனை அது தருகிறது. குறுகிய இடைத்தூரம் பற்றிக் கேட்டால் அமைதி. இரண்டு டிஷ்கள் ஒன்றின்மேல் ஒன்று நிற்க முடியாதே. ஜிஎம்ஆர்டியில் மிகக் குறைந்த இடைத்தூரம் சுமார் 100 மீட்டர். 21 செ.மீ. அலைக்கு அது சுமார் 7 கலை. அதைவிட அகலமாக, வழவழவென்று பரவிய ஒளி இருந்தால் அது தரவில் பதிவாவதே இல்லை. எத்தனை மணி நேரம் பார்த்தாலும் வராது.

முதுகலை மாணவர்களில் ஒருவனான ஆத்தூர்ப் பையன் விடவில்லை. "கேலக்ஸி சுத்துதுங்களே மேடம். ஒவ்வொரு சேனல்லயும் ஒரு கீற்றுதானே தெரியும்? 20 கலையும் ஒரே சேனல்ல வராதே?" சரியான ஆட்சேபம். சுழலும் தட்டில் ஒரு குறிப்பிட்ட திசைவேகத்தில் உள்ள வாயு குறுகிய பட்டையாகத்தான் இருக்கும். அதனால்தான் 7 கலையைவிடப் பெரிய கேலக்ஸிகளையும் 21 செ.மீ. கோட்டில் (ஹைட்ரஜனின் இந்த உமிழ்வை அப்படித்தான் சொல்வார்கள்) பார்க்க முடிகிறது. ஆனால் நடுத் திசைவேகச் சேனலில் அந்தக் கீற்று தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீளும். போதாததற்கு இவர்கள் தேடுவதே வெளிவிளிம்பில் பரவலாகக் கிடக்கும் வாயுவை. காணாமல் போகக்கூடியதும் அதுவேதான். விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் அது ஈர்ப்பின் வேலையா, இடைத்தூரக் குறையா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு இடியும் இருந்தது. 1400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு 45 மீட்டர் டிஷ்ஷின் பார்வைப் பரப்பு சுமார் 24 கலை. மையத்திலிருந்து 10 கலை தள்ளிப் போனால் உணர்திறன் 62 சதவீதமாகக் குறைந்துவிடும். மையத்தில் கிடைக்கும் தரம் விளிம்பிலும் வேண்டுமென்றால் நேரம் 2.6 மடங்கு. கேள்வி முழுக்க விளிம்பைப் பற்றியது, கருவியோ விளிம்பில்தான் பலவீனம்.

அந்தக் கேலக்ஸியை அன்றே விட்டுவிட்டார்கள். ஆராய்ச்சி மாணவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதன்மேல் அறிவியல் பகுதியை அழகாக எழுதி வைத்திருந்தாள்.

அப்புறம் அல்ஃபால்ஃபா பட்டியலில் தேடினார்கள். அரெசிபோவின் 305 மீட்டர் டிஷ் செய்த ஹைட்ரஜன் கணக்கெடுப்பு அது. அந்த டிஷ் 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டாலும் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் கிடைத்தது இப்போதைய கேலக்ஸி. விலகும் வேகம் நொடிக்கு 1500 கி.மீ., தூரம் சுமார் 7 கோடி ஒளியாண்டு, மொத்தப் பாய்வு 4 ஜான்ஸ்கி கி.மீ./நொடி (ஜான்ஸ்கி என்பது ரேடியோ ஒளியின் வலிமையை அளக்கும் அலகு), கோட்டின் அகலம் 80 கி.மீ./நொடி. இதிலிருந்து ஹைட்ரஜன் நிறை சூரியனைப்போல் சுமார் 40 கோடி மடங்கு என்று வருகிறது. ஹைட்ரஜன் நிறைக்கும் தட்டின் அளவுக்கும் ஒரு நெருக்கமான தொடர்பு உண்டு. அதன்படி தட்டு வானத்தில் சுமார் 2 கலை. 7 கலை எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது, பார்வைப் பரப்பின் மையத்திலேயே முழுதும் உட்கார்ந்துகொள்கிறது.

பிரிதிறன் எவ்வளவு வேண்டும்? சேலம் நகரத்திலிருந்து ஏற்காடு நேர்க்கோட்டில் சுமார் 15 கி.மீ. இங்கே மொட்டை மாடியில் நின்று பார்த்தால் அங்கே 9 மீட்டர் அகலமுள்ள ஒரு வீட்டு முகப்பு 2 கலை. நம் கேலக்ஸி அந்த வீடு. 40 விகலைப் பிரிதிறன் என்றால் கிட்டத்தட்ட 3 மீட்டர், முகப்பின் குறுக்கே மூன்று புள்ளிகள்தான். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. 20 விகலை என்றால் ஒன்றரை மீட்டர், ஆறு புள்ளிகள். இரு பக்கத்தையும் ஒப்பிட அது போதும். 5 விகலைக்குப் போனால் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளி அவ்வளவு குறைந்துவிடும், மங்கலான விளிம்பு இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே 20 விகலை. இதற்கப்புறம் வரும் எல்லா எண்ணும் இந்த 20-ஐப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

பட்டையும் சேனலும்

1500 கி.மீ./நொடி வேகத்துக்கு ஹைட்ரஜன் கோடு 1413.3 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்கிறது. ஜிஎம்ஆர்டியின் பேண்ட் 5, சுமார் 1050 முதல் 1450 வரை. இதில் விவாதமே இல்லை. பட்டை அகலத்தில்தான் விவாதம் வந்தது.

"100 மெகாஹெர்ட்ஸே வச்சுக்கலாமுங்களா? 16384 சேனல் போட்டா அதே நுணுக்கம் வந்துருது. கூடக் கிடைச்சா நல்லதுதானே." 12.5 மெகாஹெர்ட்ஸில் 2048 சேனல் போட்டாலும் ஒரு சேனல் 6.1 கிலோஹெர்ட்ஸ்தான், அதாவது 1.3 கி.மீ./நொடி. கோட்டின் குறுக்கே அறுபது சேனலுக்குமேல் விழும். நுணுக்கம் இரண்டிலும் ஒன்றே. கூடுதலாக வரும் 87.5 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? அகன்ற பட்டை இருந்தால் தொடர் ஒளியில் (எல்லா அதிர்வெண்ணிலும் பரவி வரும் ஒளி) நல்ல படம் கிடைக்கும், அதை வைத்து செல்ஃப்-கலிபரேஷன், அதாவது அந்தப் படத்தைக் கொண்டே கருவியின் பிழைகளைத் திருத்துவது, நன்றாகச் செய்யலாம். இது உண்மையான லாபம், மறுக்க மாட்டேன். மறுபுறம் பத்து மணி நேரத் தரவு, பத்து நொடிக்கு ஒரு பதிவு வீதம் 12.5-இல் சுமார் 50 ஜிபி, 100-இல் சுமார் 400 ஜிபி. எங்கள் துறையின் கணினியில் 400 ஜிபியைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்வது சாதாரண வேலையல்ல.

ஆனால் "எங்கள் கணினி சிறியது" என்பது விண்ணப்பத்தில் எழுதும் காரணமல்ல. மதிப்பீடு செய்பவருக்கு அது தேவையில்லாத தகவல். அவர் ஏற்கும் காரணம் வேறொன்று இருந்தது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக அளவில் ரேடியோ வானியலுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். 1413.3-ஐ மையமாக வைத்து 12.5 எடுத்தால் 1407.1 முதல் 1419.6 வரை வருகிறது. முழுதும் அந்த ஒதுக்கீட்டுக்குள். நம் சொந்தப் பால்வெளியின் 1420.4 கோடும் வெளியே நின்றுவிடுகிறது. 100 எடுத்தால் 1363-க்கு இறங்க வேண்டும், மேலேயும் வரம்பைத் தாண்டும். கோட்டின் இரு பக்கமும் தொடர் ஒளியைக் கழிக்கத் தேவையான காலிச் சேனல்கள் 12.5-லேயே தாராளமாக இருக்கின்றன, மொத்தம் 2650 கி.மீ./நொடி அகலம். இந்த ஒரு பத்தி விண்ணப்பத்தில் நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு தகரக் கூம்பு

நேரக் கணக்குக்கு வேண்டிய முதல் எண் அமைப்பின் இரைச்சல் வெப்பநிலை. 1400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஜிஎம்ஆர்டிக்கு அது சுமார் 75 கெல்வின் என்று ஆவணத்தில் போட்டிருக்கும். மாணவர்கள் அதை எடுத்துச் சமன்பாட்டில் போடுவார்கள். 75 கெல்வின் என்றால் என்ன என்று கேட்டால் பதில் வராது. அதைக் கையால் தொட்டுப் பார்க்க வைக்கலாம் என்று, 21 செ.மீ. அலைக்கு ஒரு கூம்பு ஆன்டெனா செய்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனோம். கூம்பை மடித்துக் கொடுத்தது சேலத்தில் ஒரு தகரப் பட்டறை. உள்ளே சின்னச் செப்புக் கம்பி ஒன்று, பக்கத்திலேயே ஒரு குறை-இரைச்சல் பெருக்கி, 1420 ஃபில்டர், ரேடியோ அலையைக் கணினிக்குள் கொண்டுவரும் ஒரு எஸ்டிஆர் டாங்கிள், லேப்டாப். நகரத்து மாடியில் வைத்துப் பார்த்தபோது செல்போன் டவர்களின் சிக்னலில் பெருக்கியே திணறியது. மலையில் காபித் தோட்டச் சரிவுக்குப் பின்னால், நகரம் மறையும் இடமாகப் பார்த்து வைத்தோம்.

செய்முறை இவ்வளவுதான். கூம்பைத் தரையை நோக்கிக் கவிழ்த்து வந்த திறனைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நேராக வானத்தை நோக்கித் திருப்பிக் குறிக்க வேண்டும். தரை ஏறக்குறைய 300 கெல்வின். மேலே பார்த்தால் காற்றும் அண்டப் பின்னணியும் மற்றவையும் சேர்ந்து 10 கெல்வின் என்று வைத்துக்கொள்ளலாம். தரைக்கும் வானத்துக்கும் திறன் விகிதம் 3 என்று வந்தால், கருவி தானாகச் சேர்க்கும் இரைச்சல் 135 கெல்வின். கருவியில் இரைச்சலே இல்லாவிட்டால் விகிதம் 30 வந்திருக்க வேண்டும். திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்த, மூவரில் ஒருத்தியான அம்மாப்பேட்டைப் பெண், கூம்பை மெல்ல மெல்லச் சாய்த்தாள். வாய் இன்னும் வானத்தைத்தான் பார்க்கிறது, ஆனாலும் பக்கத்துச் சரிவு ஓரத்தில் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் கோடு ஏறியது. "அப்போ ஜிஎம்ஆர்டி டிஷ் சாயறப்பவும் தரை உள்ள வருமுங்களா மேடம்?" வரும். அதன் டிஷ் கம்பி வலையால் ஆனது. 21 செ.மீ. அலையில் வலையின் கண்கள் வழியாகவும் தரையின் வெப்பம் கொஞ்சம் கசியும். 75 கெல்வின் என்ற எண்ணுக்குள் ரிசீவர், தரை, வானம் எல்லாம் அடக்கம். தாழ்ந்த கோணத்தில் அது 75-ஆகவே இருக்காது. அதற்காகவே கேலக்ஸி மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற வரி விண்ணப்பத்தில் சேர்ந்தது.

நேரக் கணக்கு

ஒரு டிஷ்ஷின் திறன் ஒரு ஜான்ஸ்கிக்கு 0.22 கெல்வின். 75-ஐ 0.22-ஆல் வகுத்தால் 341 ஜான்ஸ்கி. ஒரு டிஷ்ஷின் இரைச்சல் அவ்வளவு. நம் கேலக்ஸி முழுதும் சேர்ந்தே 0.05 ஜான்ஸ்கிதான், கிட்டத்தட்ட 7000-இல் ஒரு பங்கு. டிஷ்களின் ஜோடிகள், பட்டை, நேரம் மூன்றும் சேர்ந்து அந்த இரைச்சலைக் குறைக்கின்றன. துருவமுனைப்புக்கு (அலை அதிரும் இரண்டு திசைகளையும் பதிவு செய்வதால்) 2, டிஷ்களின் எண்ணிக்கை, அதில் ஒன்று குறைத்த எண், சேனல் அகலம், நேரம் ஆகிய ஐந்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 341-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

எவ்வளவு மங்கல் வரை பார்க்க வேண்டும்? மாணவர்கள் முதலில் போட்டது சதுர சென்டிமீட்டருக்கு 1×10¹⁹ அணுக்கள். ஏன் என்றால், குறைவாக இருப்பது நல்லது என்பதால். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருந்தேன். தட்டின் உட்பகுதியில் வாயு 10²⁰-க்குமேல் இருக்கும். வெளியே போகப்போக, சுமார் சில 10¹⁹ அளவில், கேலக்ஸிகளுக்கு இடையே பரவியுள்ள புற ஊதா ஒளி ஹைட்ரஜனை அயனியாக்கிவிடும். அதற்குக் கீழே நடுநிலை வாயு தானாகவே வெட்டுப்படும் என்று கருதப்படுகிறது. ஈர்ப்பால் இழுபட்ட விளிம்பைத் தேடுகிறவர்களுக்கு அந்த வெட்டு வரை பார்ப்பது நியாயம். அதைத் தாண்டிப் பார்ப்பது வேறு கேள்வி, வேறு விண்ணப்பம். ஆகவே 3×10¹⁹.

20 விகலை, 10 கி.மீ./நொடி அகலம், இரைச்சலைப்போல் மூன்று மடங்கு என்று வைத்தால் தேவையான இரைச்சல் 0.36 மில்லிஜான்ஸ்கி. 30 டிஷ்ஷையும் போட்டுக் கணக்கிட்டால் 3 மணி நேரம் என்று வருகிறது. 20 மணி நேரம் கேட்ட மாணவர்களுக்கு ஒரே அதிர்ச்சி. "மூணு மணி நேரம் போதுமுங்களா!"

போதாது. மதிப்பீடு செய்பவர் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். அந்த 3 மணி நேரம், எல்லா டிஷ்ஷையும் சமமாக எண்ணியது. 25 கி.மீ. வரை விரிந்த டிஷ்களை முழு எடையோடு சேர்த்தால் படம் சில விகலைப் பிரிதிறனுக்குப் போய்விடும். இவர்களுக்கு வேண்டியது 20 விகலை. அதற்குப் பொருந்தும் இடைத்தூரம் சுமார் 2 கி.மீ. ஆகவே படமெடுக்கும்போது நீண்ட இடைத்தூரங்களின் எடையைக் குறைக்க வேண்டும். டேப்பர் என்று சொல்வது இதைத்தான். நடுச் சதுரத்தின் 14 டிஷ்களும் ஒவ்வொரு கரத்தின் ஆரம்பத்திலும் உள்ள ஓரிரண்டும்தான் உண்மையில் வேலை செய்யும். 18 என்று வைத்தார்கள். 30×29 என்பது 870, 18×17 என்பது 306. 3 மணி நேரம் அங்கேயே எட்டரை ஆகிவிட்டது.

18 ஒரு மதிப்பீடு. அதை அப்படியே விடாமல், பொதுவில் கிடைக்கும் பழைய ஜிஎம்ஆர்டி ஹைட்ரஜன் தரவு ஒன்றை எடுத்து, டேப்பர் இல்லாமலும் 20 விகலைக்கு டேப்பர் போட்டும் படமெடுத்து இரைச்சலை ஒப்பிட்டார்கள். மதிப்பீட்டுக்கு அருகிலேயே வந்தது. ஆன்லைன் நேரக் கணிப்பான் தரும் எண்ணை மட்டும் ஒட்டியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது.

இதே கணக்கில் 5×10¹⁹ போதுமென்றால் 3 மணி நேரம், 1×10¹⁹ வேண்டுமென்றால் 76 மணி நேரம். மங்கலுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்க ஒன்பது மடங்கு விலை. இந்த மூன்று எண்ணையும் விண்ணப்பத்திலேயே போடச் சொன்னேன். நடுவில் உள்ளதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது அப்போதுதான் படிப்பவருக்கே புரியும்.

கலிபரேட்டர், அமர்வு

ஃப்ளக்ஸுக்கும் (ஒளியின் அளவு) பேண்ட்பாஸுக்கும் (சேனலுக்குச் சேனல் கருவி காட்டும் வேறுபாடு) 3சி 147, 3சி 286 என்ற ரேடியோ மூலங்கள். 1.4 கிகாஹெர்ட்ஸில் முறையே சுமார் 22, 15 ஜான்ஸ்கி. இவ்வளவு பிரகாசமான மூலத்தில் இரைச்சலுக்காக நீண்ட நேரம் தேவையில்லை. அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் 15 நிமிடம் வைப்பது, பேண்ட்பாஸ் நேரத்தோடு மாறுகிறதா என்று பார்க்க. ஒரு மாணவன் 3சி 286-ஐயே ஃபேஸ் கலிபரேட்டராகவும் (அலையின் கட்டம் நேரத்தோடு மாறுவதைத் திருத்த உதவும் மூலம்) வைத்து நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்றான். கேலக்ஸிக்கும் அதற்கும் கிட்டத்தட்ட 30 டிகிரி தூரம். அவ்வளவு தள்ளியிருந்தால் வளிமண்டலத்தின் வேறு பகுதியையல்லவா அளக்கிறோம். பக்கத்தில் புள்ளியாகத் தெரியும் வேறொரு மூலத்தை எடுத்தார்கள், 40 நிமிடத்துக்கு ஒரு தடவை 5 நிமிடம்.

கேலக்ஸி வானத்தில் 12 மணி வலயேற்றம் (வானத்தின் தீர்க்கரேகை போன்றது), வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கே +10 டிகிரி பக்கம். ஜிஎம்ஆர்டி தொடுவானத்திலிருந்து 17 டிகிரிக்குக் கீழே சாயாது. அதன்படி நாளொன்றுக்குச் சுமார் 10 மணி நேரம் தெரியும். கலிபரேஷனோடு சேர்த்து 11 மணி நேரம் ஒரே மூச்சில் அடங்காது. இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று உதயத்திலிருந்து உச்சி வரை, மற்றது உச்சியிலிருந்து மறைவு வரை. பூமி சுழல்வதால் இரண்டு பாதியிலும் டிஷ் ஜோடிகள் வேறு வேறு கோணத்தில் கேலக்ஸியைப் பார்க்கும், சேர்த்தால்தான் படம் நிறையும். எந்த எல்எஸ்டியில் (நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் உள்ளூர் நேரம்) தொடங்க வேண்டும் என்பதையும் எழுதினார்கள். இரவு நேரமே வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், ஏனென்றால் சூரியன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் முதலில் கெடுவது குறுகிய இடைத்தூரங்கள்தான். 12 மணி வலயேற்றம் சூரியனுக்கு நேர் எதிரே வருவது மார்ச் மாதம். ஜூலை விண்ணப்பத்தில் பிப்ரவரி, மார்ச் இரவுகள் கேட்டது அதனால். அந்தச் சமயத்தில் பூமியின் ஓட்டத்தால் கோடு நாளொன்றுக்கு அரை கி.மீ./நொடி நகரும். இரண்டு அமர்வுக்கு நடுவே ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் பத்துச் சேனலுக்குமேல் நகர்ந்திருக்கும். பட்டையில் அதற்கு இடம் இருக்கிறது. இரண்டு தரவையும் சேர்க்குமுன் மென்பொருளில் திருத்துவோம் என்று ஒரு வரி போட்டார்கள்.

கடைசியாகச் சேர்த்த வரிக்காக எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒரே அமர்வு மட்டும் கிடைத்தால் என்ன செய்வோம்? "அப்படி எழுதினா பாதிதான் குடுப்பாங்க மேடம்" என்று பயந்தார்கள். எழுதச் சொன்னேன். பாதி நேரத்தில் எல்லை 3-லிருந்து 4.2×10¹⁹ ஆகும். பக்கத்துக் கேலக்ஸியின் ஈர்ப்பு பலமாக இருந்தால் அதிலேயே தெரியும், லேசாக இருந்தால் தெரியாது. படத்தில் பக்கமடல்கள் (மூலத்தைச் சுற்றித் தோன்றும் போலி வடிவங்கள்) கூடும், அதனால் விளிம்பின் வடிவம் பற்றிச் சொல்வதில் நிச்சயம் குறையும். இது எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய பதில், படிப்பவருக்கும் தெரிய வேண்டும். ஒரே அமர்வு என்றால் உதயப் பாதி வேண்டும் என்றும் குறித்திருக்கிறார்கள். அந்தப் பாதியில் 3சி 147, 3சி 286 இரண்டையும் பார்க்க முடிகிறது, ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது, முடிவு இனிமேல்தான் வரும். அதுவரை மூவரும் அதே பழைய தரவில் தொடர் ஒளியைக் கழித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கழித்த பிறகு காலிச் சேனல்களில் மிஞ்சும் இரைச்சல் கணக்கில் வருவதைவிட எவ்வளவு கூடுதல் என்று சேனல் சேனலாக எழுதி வைக்கும் வேலை இப்போது அம்மாப்பேட்டைப் பெண்ணிடம் இருக்கிறது.